அறிவும் அறிபவனும்: நாமகிரித் தாயார் ஸந்நிதியிலிருந்து ஒரு விசாரம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

2021 பிப்ரவரியில் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. இஸ்ரேல் நாட்டின் டெக்னியான் கல்விநிலையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கணிதச் சூத்திரங்களைத் தானே தேடிக் கண்டு முன்வைக்கும் ஒரு கணினி ஏற்பாட்டைச் செய்து, அதற்கு ‘ராமாநுஜன் இயந்திரம்’ என்று பெயரிட்டிருந்தனர். பெயரிட்டவர்கள் நினைத்தது கணிதமேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜனை. ஆனால் 1887 டிசம்பர் 22 அன்று, அந்நாளில் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஈரோட்டில், ஒரு ஐயங்கார் குடும்பத்தில் பிறந்த அக்குழந்தைக்கு இடப்பட்டது உடையவரின் திருநாமம். ஆகவே அந்த இயந்திரம் இன்று சுமந்து நிற்பது, ‘அறிவு என்பது எப்போதும் ஒருவனுடைய அறிவே, அறிபவன் இல்லாத அறிவு இல்லை’ என்று வாழ்நாள் முழுதும் வாதித்து நிலைநாட்டிய ஸ்ரீபாஷ்யகாரரின் பெயரை. இந்தப் பொருத்தம் தற்செயலானது. ஆயினும் இதனின்று எழும் வினா தற்செயலானதன்று.

அவ்வியந்திரம் செய்வது இதுவே. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைப் போன்ற ஒரு மாறிலியின் மதிப்பைப் பல இலக்கங்கள் வரை கணித்து வைத்துக்கொள்கிறது. மறுபுறம் ஏராளமான தொடர் பின்னங்களை உண்டாக்கி அவற்றின் மதிப்பையும் கணிக்கிறது. இரண்டின் இலக்கங்களும் நெடுந்தூரம் ஒத்துப்போனால், ‘இவை சமமாகலாம்’ என்னும் கருதுகோளாக அதை வெளியிடுகிறது. உபபத்தி காட்டுவது அதன் பணியன்று. அதை மனிதர் செய்துகொள்ள வேண்டும். ராமாநுஜனின் நோட்டுப் புத்தகங்களும் ஏறக்குறைய இப்படியே அமைந்தவை: சூத்திரங்கள் மலிந்திருக்கும், நிரூபணங்கள் அரிது. அப்படியானால் இரண்டுக்கும் வேறுபாடு யாது? வேகமும் அளவும் மட்டுந்தானா?

இதற்கு விடை தேட நாமக்கல்லுக்குச் செல்ல வேண்டும். கொங்கு நாட்டில் ஆழ்வார்களால் மங்களாசாஸனம் செய்யப்பெற்ற திவ்யதேசம் ஒன்றும் இல்லை. இக்குறையை அந்நாட்டு வைஷ்ணவர்கள் உணர்ந்தே இருக்கிறார்கள். காரமடை அரங்கநாதனிடத்தும் நாமக்கல் நரஸிம்மனிடத்தும் அவர்கள் காட்டும் ஈடுபாட்டில் அவ்வுணர்வும் கலந்திருக்கும். நாமக்கல் மலை ஒரே பாறை. எட்டாம் நூற்றாண்டில் அதியர் குல மன்னன் குணசீலன் காலத்தில் அதன் ஒருபுறம் நரஸிம்மனுக்கும் மறுபுறம் பள்ளிகொண்ட அரங்கனுக்கும் குடைவரைகள் அகழப்பட்டன. பதினெட்டு அடி உயர ஆஞ்சநேயர் கூரையற்ற வெளியில் நரஸிம்மனை நோக்கிக் கைகூப்பி நிற்கிறார். இங்கே எழுந்தருளியிருக்கும் பிராட்டி நாமகிரித் தாயார். ராமாநுஜனின் தாயார் கோமளத்தம்மாளின் பிறந்தகத்துக்கு இவளே குலதெய்வம். பாட்டி ரங்கம்மாள் இவளிடம் ஆவேசமான பக்தி கொண்டவர். குழந்தை வளர்ந்தது கும்பகோணத்திலாயினும் வழிபாடு கொங்கு நாட்டிலிருந்தே கூடச் சென்றது.

ராமாநுஜனின் வாழ்க்கை பலமுறை எழுதப்பட்டது. இங்கே வேண்டுமளவு மட்டும் நினைவுகூரலாம். கும்பகோணத்திலும் சென்னையிலும் கணிதம் தவிர்ந்த பாடங்களில் தவறிக் கல்லூரிப் படிப்பை இழந்தார். 1912ல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு எழுத்தராக அமர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அழைப்பு வந்தபோது கடல் கடப்பது ஆசாரத்துக்கு ஒவ்வாது என்னும் தடை எழுந்தது. அத்தடை நீங்கிய விதத்தை இரு வகையாகச் சொல்வர். கோமளத்தம்மாளின் கனவில் நாமகிரித் தாயார் தோன்றி மகனைத் தடுக்கலாகாது என்று நியமித்தாள் என்பது ஒன்று. ராமாநுஜன் தம் மேலதிகாரி நாராயண ஐயருடன் நாமக்கல் சென்று, கோயிலில் மூன்று இரவுகள் படுத்திருந்து உத்தரவு பெற்றார் என்பது மற்றொன்று. 1914 மார்ச் 17ல் அவர் கப்பலேறினார்.

கனவு இத்துடன் முடியவில்லை. 1927ல் வெளிவந்த அவருடைய ஆய்வுத் தொகுப்பின் முகப்பில் சேஷு ஐயரும் ராமச்சந்திர ராவும் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு, நாமக்கல் தேவதை கனவில் சூத்திரங்களை உணர்த்துவதாக ராமாநுஜன் சொல்லிவந்தார் என்று தெரிவிக்கிறது. படுக்கையிலிருந்து எழுந்ததும் அவற்றைக் குறித்துக்கொண்டு விரைவாகச் சரிபார்ப்பாராம். முறையான நிரூபணம் எப்போதும் கைக்கு எட்டுவதில்லையாம். ஹார்டி இதை ஏற்கவில்லை. ராமாநுஜனின் சமயம் அனுஷ்டான அளவில் நின்றது, அறிவின் துணிபாக இருக்கவில்லை என்பதும், கணித அறிஞர் அனைவரும் அடிப்படையில் ஒரே வகையாகவே சிந்திக்கின்றனர் என்பதும் அவர் கருத்து.

அன்று முதல் வழக்கு இரு கட்சியாக நிற்கிறது. ‘தெய்வம் சொன்னது, இவர் எழுதினார்’ என்பது பக்தர் பலரின் கட்சி. ‘மூளை கணித்தது, கனவு வெறும் திரை’ என்பது மற்றோர் கட்சி. ஊன்றிப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. முதற்கட்சி ராமாநுஜனைத் தெய்வத்தின் எழுதுகோலாக்குகிறது. இரண்டாவது அவரை நரம்புகளாலான கணிதப் பொறியாக்குகிறது. இரண்டிலும் அறிந்தவர் ஒருவர் இல்லை. அவரை இயந்திரத்தோடு ஒப்பிடுவது 2021ல் தொடங்கியதன்று. புகழ்ந்தவர்களே அதை முன்னமே செய்துவிட்டனர்.

ஸ்ரீபாஷ்யம் இதனை எவ்வாறு நிர்வஹிக்கும்? முதலில் கனவு. மூன்றாம் அத்தியாயம் இரண்டாம் பாதத்தின் ஸந்த்யாதிகரணத்தில், கனவில் காணும் பொருள்கள் பொய்த்தோற்றம் அல்ல என்று பாஷ்யகாரர் ஸாதிக்கிறார். அந்தந்த ஜீவனுடைய புண்ணிய பாபத்துக்கு ஏற்ப, அவன் ஒருவனே அனுபவிக்கும்படியாக, அந்த நேர அளவுக்கு மட்டும் ஸர்வேச்வரன் ஸ்ருஷ்டிப்பவை அவை. இது மற்ற வேதாந்திகளிடம் காண்பதற்கரிய கொள்கை. இதன்படி கனவு யாரோ ஒருவர் எறிந்து மற்றொருவர் எடுத்த ஓலையன்று. அது அனுபவிப்பவனுக்காகவே படைக்கப்பட்டது. அவன் இல்லையேல் கனவே இல்லை. நாமக்கல் நியமனத்தின் இரு பாடங்களில் எது சரி என்பதை வரலாற்றாசிரியர் ஆராயட்டும். தாயின் கனவு தாய்க்கே ஆகும், மகனின் கனவு மகனுக்கே ஆகும் என்பது ஸித்தாந்தம்.

அடுத்து, கனவு கண்டவன் செய்தது என்ன? எழுந்தான், எழுதினான், சரிபார்த்தான். இரண்டாம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் மூன்று அதிகரணங்கள் இதற்கு அடைவே அமைந்துள்ளன. ஜ்ஞாதிகரணம், ஆத்மா வெறும் அறிவு அன்று, அறிபவன் என்று நிர்ணயிக்கிறது. கர்த்ரதிகரணம், அவனே கர்த்தா என்கிறது. சாஸ்திரம் ‘செய்’ என்று விதிப்பது, அவ்விதியைப் புரிந்துகொண்டு செயலில் இறங்கக்கூடியவனை நோக்கியே; அசேதனத்தை நோக்கி விதித்தால் விதி வீணாகும் என்பது அங்கே யுக்தி. பராயத்தாதிகரணம், அந்தக் கர்த்ருத்வம் பரமாத்மாவுக்கு அதீனம் என்கிறது. மூன்றாவதைக் கொண்டு முதல் இரண்டையும் அழித்தவர்கள்தாம் ராமாநுஜனை எழுதுகோலாக்கினர். எம்பெருமான் அனுமதி தந்து நடத்துவது அறிபவனை அறிபவனாக வைத்துக்கொண்டே. அவனைக் கருவியாகச் சுருக்கியன்று. பிராட்டி கடாக்ஷித்தாள் என்பதும் ராமாநுஜன் கண்டார் என்பதும் ஒன்றையொன்று தள்ளும் வாக்கியங்கள் ஆகா.

கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதைத் தெளிவாக்கும். பின்னாளில் புள்ளியியலாளராகப் புகழ்பெற்ற மஹலநோபிஸ் ஒரு பத்திரிகைப் புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் ஒரு வீட்டின் இடப்புறமுள்ள கதவிலக்கங்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம்; தெருவில் ஐம்பதுக்கு மேல் ஐந்நூறுக்குள் வீடுகள் இருக்குமாயின், அந்த வீட்டின் எண் யாது? 288 வீடுகளில் 204வது வீடு என்பது விடை. அடுப்பில் காய் வதக்கிக்கொண்டிருந்த ராமாநுஜன் ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அது இந்தத் தெருவுக்கு மட்டுமின்றி இத்தகைய எல்லாத் தெருக்களுக்கும் விடை. எப்படி என்று கேட்டபோது, கேட்டவுடனே விடை ஒரு தொடர் பின்னம் என்று தெரிந்தது, எந்தப் பின்னம் என்று தம்மையே கேட்டுக்கொண்டார், விடை வந்தது என்னும் பொருள்பட மொழிந்தாராம். இன்றைய இயந்திரம் தேடுவதும் தொடர் பின்னங்களையே. விடை வந்த விதம் இருவருக்கும், ஏன் ராமாநுஜனுக்கே, மறைவாயிருக்கலாம். ஆனால் தம்மையே கேட்டுக்கொண்ட ஒருவர் இங்கே இருந்தார். வந்தது புத்தி, கேட்டது ஆத்மா.

இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கென்றே நம் தர்சனத்தில் இரண்டு சொற்கள் உள்ளன: தர்மிஜ்ஞானம், தர்மபூதஜ்ஞானம். ஆத்மா தானே ஜ்ஞானஸ்வரூபமாய், வேறொன்றின் உதவியின்றித் தனக்குத் தானே ‘நான்’ என்று தோன்றுவது தர்மிஜ்ஞானம். அந்த ஆத்மாவின் குணமாய் நின்று, வெளிப்பொருள்களை அவனுக்குக் காட்டுவது தர்மபூதஜ்ஞானம். விளக்கும் அதன் பிரபையும் போல என்று பாஷ்யகாரர் காட்டுவர். பிரபை விரியும், சுருங்கும். விளக்கு அப்படியே நிற்கும். இன்று ‘நுண்ணறிவு’ என்று சொல்லப்படுவதெல்லாம், அதாவது நினைவு, கணிப்பு, ஒப்புமை காணுதல், மொழியாற்றல் ஆகியவை, மனிதரிடத்தில் தர்மபூதஜ்ஞானத்தின் விரிவுகள். ‘உணர்வுநிலை’ என்பதன் வேரோ தர்மியிலேயே உள்ளது. நிகமாந்த மஹாதேசிகன் திரவியங்களை வகுக்கும்போது, தனக்குத் தோன்றுவது பிரத்யக், பிறனுக்கே தோன்றுவது பராக் என்று பிரித்து, தர்மபூதஜ்ஞானத்தைப் பராக் என்னும் பக்கத்தில் வைத்தார். அறிவுகூடத் தனக்காக ஒளிர்வதில்லை, அறிபவனுக்காகவே ஒளிர்கிறது. இந்த ஒரு வகுப்பை மனத்தில் வைத்தால் இன்றைய விவாதங்களில் பாதி தெளிந்துவிடும்.

இதனால் ஒரு வியப்பான முடிவும் கிட்டுகிறது. உணர்வும் புத்தியும் ஒன்றாகவே கூடிக் குறைய வேண்டும் என்னும் நியதி இல்லை. கொங்கு நாட்டுப் பனைமரத்திலும் ஒரு ஜீவன் உண்டு. கர்மத்தால் அதன் தர்மபூதஜ்ஞானம் மிகச் சுருங்கியிருக்கிறது, அவ்வளவே. ஆழ்ந்த உறக்கத்திலும் மனிதனிடம் புத்தியின் விரிவு இல்லை; ஆனால் விழித்தவன் ‘சுகமாக உறங்கினேன்’ என்று சொல்வதால், அந்த ‘நான்’ இடையறவில்லை என்று பாஷ்யகாரர் நிலைநாட்டுவர். உணர்வு உண்டு, புத்தி ஒடுங்கியது என்பதற்கு இவை உதாரணங்கள். எதிர்ப்புறத்தில், புத்தியின் காரியம் உண்டு, உணர்வு இல்லை என்பதற்கு உதாரணம் பழையோர் முன் இருக்கவில்லை. இந்நூற்றாண்டில் அது வந்திருக்கிறது.

கோயம்புத்தூர் இயந்திரங்களுக்குப் புதியதன்று. 1888ல் முதல் நூற்பாலை, 1932ல் பைக்காரா நீர்மின்சாரம், 1937ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் செய்த மின்மோட்டார், பின்பு வீடுதோறும் மாவரைக்கும் கிரைண்டர் என்று நூறாண்டுக்கு மேலாக அவ்வூர் கைவேலையைப் பொறிகளிடம் ஒப்படைத்து வந்தது. கதிர் நூற்றது, மோட்டார் கிணற்று நீரை இறைத்தது. அவை அறிகின்றனவா என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்க வேண்டியிருக்கவுமில்லை. இன்று பொறி வாக்கின் வேலையை மேற்கொண்டபோதுதான் கேள்வி எழுகிறது. காரணம் எளிது. பிறருடைய ஆத்மாவை நாம் நேரில் காண்பதில்லை. அவர் பேச்சாலும் செயலாலும் அனுமானிக்கிறோம். ‘பொருளோடு பேசுகிறது, ஆகவே அறிவுடையது’ என்னும் அந்த அனுமானத்தின் ஹேது இப்போது வியபிசாரமுடையதாகிவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரியைக் காண்பவன் அதிகாலை மூடுபனியைப் புகையென்று கொண்டு நெருப்பை அனுமானித்தால் எப்படியோ, அப்படி.

ஆங்கிலக் கணித அறிஞர் டியூரிங் 1950ல் இவ்விடத்தை வேறு வழியில் தொட்டார். இயந்திரம் உணர்கிறது என்று உறுதிப்பட ஒரே வழி அந்த இயந்திரமாகவே இருந்து பார்ப்பது. அதே கடுமையை மனிதரிடம் காட்டினால் பிறர் எவருக்கும் உணர்வு இருப்பதாகச் சொல்ல முடியாது. ஆகவே பேச்சை ஏற்றுக்கொள்வதே நாகரிகம் என்பது அவர் வாதத்தின் போக்கு. முற்பகுதி நம்மவர்க்கு உடன்பாடு: ஆத்மா ஸ்வயம்பிரகாசமாவது தனக்கே. பிற்பகுதி உடன்பாடன்று. பிறரிடத்தில் ஆத்மா உண்டென்பதற்குப் பேச்சு ஒன்றே பிரமாணமாயிருந்தால் ஊமைக்கும் சிசுவுக்கும் மரத்துக்கும் ஆத்மா இல்லையென்றாகும். சாஸ்திரம் அங்கெல்லாம் ஆத்மாவைச் சொல்கிறது. ஆகவே பேச்சு தவறியபோதும் நிற்கும் பிரமாணம் ஒன்று நம்மிடம் முன்பே இருந்தது.

பொறியின் அமைப்புப் பெருகப் பெருக உணர்வு தானே தோன்றிவிடும் என்று இன்று சிலர் எதிர்பார்க்கின்றனர். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றிலும் இல்லாத சிவப்பு அவை சேர்ந்தபோது தோன்றுவதுபோல, பூதங்களின் சேர்க்கையில் சைதன்யம் தோன்றும் என்று சார்வாகன் சொன்னதும் இதுவே. ஆளவந்தார் ஆத்மஸித்தியில் தேஹாத்மவாதத்தை விரிவாக மறுத்திருக்கிறார். சிவப்பு, காண்பவனுக்குத் தோன்றும் குணம், பராக். ‘நான்’ என்பது காண்பவன் தானே. எத்தனை பராக் பொருள்களைக் கூட்டினாலும் கிடைப்பது மற்றொரு பராக்கேயன்றிப் பிரத்யக் ஆகாது. கணினித் திரையில் ஒளிரும் சூத்திரமும் அதைப் படிப்பவனுடைய தர்மபூதஜ்ஞானத்துக்கே விஷயமாகிறது.

‘ஆனால் ஓலைச்சுவடியும் அப்படித்தானே, அது புதிதாக ஒன்றும் சொல்வதில்லை, இயந்திரமோ எவரும் எழுதாத சூத்திரத்தைத் தருகிறதே’ எனலாம். இந்த ஆக்ஷேபம் வலியது. கொங்கு எல்லையில் நடந்த வரலாறு ஒன்று இதற்கு உதவும். 1323ல் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது, ஸுதர்சன ஸூரி தம் சுருதப்பிரகாசிகையையும் தம் இரு புதல்வர்களையும் தேசிகனிடம் ஒப்படைத்தார் என்றும், தேசிகன் அவற்றைக் காத்து ஸத்யாகாலத்தில் தங்கினார் என்றும் ஸம்பிரதாயம் கூறும். அவ்வூர் கொள்ளேகால் வட்டத்தில் உள்ளது. 1956 வரை அவ்வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சுருதப்பிரகாசிகை என்பதற்குக் கேட்டதை விளக்குவது என்று பொருள். நடாதூர் அம்மாள் காலக்ஷேபத்தில் ஸுதர்சன ஸூரி பேசாதிருந்து கேட்பார். அவர் வரும்வரை அம்மாள் பாடத்தைத் தொடங்காமல் காத்திருந்ததைக் கண்டு மற்ற சிஷ்யர்கள் மனம் சுளித்தனர். முன்தினங்களின் அர்த்தங்களைச் சொல்லும்படி அம்மாள் நியமிக்க, அவர் ஒன்றும் விடாமல் சொன்னார். கேட்டதை மாறாமல் ஒப்பிப்பதில் இன்றைய ஒலிப்பதிவுக் கருவி அவரை வெல்லும். ஆயினும் எந்த ஆசாரியனும் ஒரு கருவி வரும்வரை காலக்ஷேபத்தை நிறுத்தி வைப்பதில்லை. அம்மாள் காத்திருந்தது கேட்டுப் புரிந்துகொள்பவனுக்காக. புதிய சூத்திரத்திலும் இதுவே. இயந்திரம் தருவது இலக்கங்களின் ஒற்றுமை. அது உண்மையோ என்று ஐயுற ஒருவன் வந்தபின்பே அது கருதுகோள். புதுமை என்பதும் அவனுக்கே.

நினைவாற்றல் குறைந்த இடத்தில் அறிவு குறையவில்லை என்பதற்கு அதே கொங்கு நாடு மற்றொரு வரலாறும் தருகிறது. பின்பழகிய பெருமாள் ஜீயரின் ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவத்தில் வரும் கொங்கில் பிராட்டியார், பஞ்சத்தால் திருவரங்கம் வந்து தங்கியவர். மாதுகரத்துக்கு எழுந்தருளும் ஸந்யாஸியைச் செல்வரும் வணங்குவது ஏன் என்று எம்பெருமானாரையே கேட்டவர். அதன் காரணமான அந்த பகவத்விஷயத்தைத் தமக்கும் சொல்லவேண்டுமென்று வேண்டி, த்வயத்தைப் பெற்றார். ஊர் திரும்பும் வேளையில் அது மறந்துபோயிற்று. மீண்டும் கேட்டார், மீண்டும் அருளினார். திருவடிநிலைகளையும் பெற்றுச் சென்றார். பின்னாளில் எம்பெருமானார் வெள்ளை உடுத்துக் காட்டுவழியே மேல்நாட்டுக்கு எழுந்தருளும்போது, கொங்கில் அந்த அம்மையாரின் அகத்தில் அமுது செய்ய நேர்ந்தது. வேடம் மாறியிருந்தும் திருவடிகளைக் கொண்டு அவர் அடையாளம் கண்டார்.

த்வயத்தை ஒரு கருவியில் பதிந்து வைத்தால் அது ஒருநாளும் மறவாது. பல்லாயிரம் முறை அதே ஸ்வரத்தில் சொல்லும். சரணாகதி செய்ததாகாது. கொங்கில் பிராட்டியார் ஒருமுறை கேட்டதையே மறந்தார். ஆனால் மறந்தவர் தாம் என்பதை அறிந்தார், இழவு தமக்கு என்று உணர்ந்தார், திரும்பிவந்து கேட்டார். இழவு ஒருவருக்கு இழவாகத் தோன்றுவதுதான் தர்மியின் அடையாளம். கைப்பேசியில் பாராயணமும் காலக்ஷேபமும் கேட்கும் இக்காலத்து அடியார்கள், கருவி செய்யும் உதவியையும் அது செய்ய இயலாததையும் இவ்வரலாற்றைக் கொண்டே பிரித்தறியலாம்.

இங்கே நம்மவரே எழுப்பக்கூடிய ஒரு வினாவை ஒதுக்கிச் செல்வது நேர்மையாகாது. கல்லும் செம்பும் எம்பெருமானுக்குத் திருமேனியாகும் என்று நம்புகிறவர்கள், உலோகத்திலும் மணலிலும் செய்த பொறியில் சைதன்யம் இருக்கவே முடியாது என்று எந்த முகத்தோடு சொல்வது? சரீரத்துக்கு ஸ்ரீபாஷ்யகாரர் தந்த லக்ஷணமும் இந்த வினாவுக்கு வலுவூட்டுகிறது. ஒரு சேதனன் தன் பிரயோஜனத்துக்காக எப்போதும் முழுமையாக நியமித்தும் தாங்கியும் வரக்கூடியதாய், அவனுக்குச் சேஷமாயிருப்பதையே ஸ்வரூபமாக உடைய திரவியம் சரீரம் என்பது அந்த லக்ஷணம். அதில் இரத்தம், தசை, நரம்பு என்னும் பேச்சே இல்லை. ஆகவே ‘பொறி தசையாலானதன்று, எனவே ஆத்மா புகாது’ என்னும் வாதம் நம் தர்சனத்தில் செல்லாது. அப்படி வாதிப்போர் அறியாமலே சார்வாகன் பக்கம் சாய்கின்றனர். மற்றொரு பக்கம், அர்ச்சையில் எம்பெருமான் ஸந்நிதி பண்ணுவது சிற்பியின் நுட்பத்தால் அன்று, அவனுடைய ஸங்கல்பத்தால். நாமக்கல் பாறையை அகழ்ந்த உளி எவ்வளவு நுண்ணியதாயினும் நரஸிம்மனை அது உண்டாக்கவில்லை. ஜீவன் ஓர் உடலில் புகுவதும் கர்மத்தாலும் ஈச்வர ஸங்கல்பத்தாலுமே. அமைப்பின் சிக்கலால் அன்று. பொறியின் நுட்பம் எவ்வளவு பெருகினாலும் அதைக் கொண்டு ஆத்மாவை அனுமானிக்க வழியில்லை என்பது மட்டுமே நாம் சொல்லத்தக்கது. அசேதனம் எல்லாம் ஈச்வரனுக்குச் சரீரம் என்னும் வகையில் ராமாநுஜன் இயந்திரமும் அவனுக்குச் சரீரமே. அந்த அளவில் அதனை இகழவும் வேண்டா.

இன்னும் ஒரு படி உண்டு. மேலை நாட்டு விவாதம் உணர்வா புத்தியா என்று நிற்கிறது. நம் ஆசாரியர்கள் அதற்கும் அப்பால் கேட்டனர். ஆத்மாவுக்கு அறிபவனாயிருக்கை அந்தரங்கமா, எம்பெருமானுக்கு அடிமையாயிருக்கை அந்தரங்கமா என்னும் ஐயம் எழ, எம்பெருமானார் கூரத்தாழ்வானைத் திருக்கோட்டியூர் நம்பியிடம் அனுப்பினார் என்றும், ஆழ்வான் ஆறுமாதம் அடிபணிந்திருந்து விடை பெற்றார் என்றும் ஈட்டில் காண்கிறோம். நம்மாழ்வார் திருவாய்மொழி எட்டாம் பத்தில் ஆத்மாவைக் குறிக்க ‘நான்’ என்னாமல் ‘அடியேன்’ என்னும் சொல்லையே இட்டிருப்பதைக் காட்டி, சேஷத்வமே அந்தரங்கம் என்று நம்பி அருளினார். அறிவின் பெருக்கை ஆத்மாவின் பெருமையாகக் கொண்டவனுக்கே, தன்னைவிட விரைந்து கணிக்கும் பொறி அச்சம் தரும். ஸுதர்சன ஸூரியின் நினைவாற்றலும் கொங்கில் பிராட்டியாரின் மறதியும் ஒரே தட்டில் நிற்கும் இடம் இது.

ராமாநுஜன் 1919ல் நோயுற்றுத் திரும்பியபின் சிலகாலம் கொங்கு நாட்டுக் காவிரிக்கரையில், கொடுமுடியில், தங்கினார். 1920 ஜனவரியில் சென்னையிலிருந்து ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் தாம் புதிதாகக் கண்ட ‘மாக் தீட்டா’ சார்புகளைப் பற்றித் தெரிவித்தார். அவ்வாண்டு ஏப்ரல் 26ல் பரமபதித்தார். மறைவதற்குச் சில நாள் முன்புவரை அவர் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார் என்று மனைவியார் ஜானகி அம்மாள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அந்தத் தாள்கள் இங்கிலாந்து சென்று, டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டியில் கிடந்து, 1976ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் கண்ணில் பட்டன. அவரும் புரூஸ் பெர்ன்ட்டும் 2005 முதல் 2018 வரை ஐந்து தொகுதிகளாக அவற்றுக்கு விளக்கமும் உபபத்தியும் எழுதி வெளியிட்டனர். பாஷ்யம் எழுதுவோர் செய்யும் பணியே அது.